கறுத்த கொலுசு



வெண்மை என்னும் பண்பையே பெயராக்கி ஓர் உலோகத்தை வெள்ளி என்று அழைத்தனர் நம் முன்னோர். விடியற்காலையில் கீழ்வானில் ஒளிரும் கோளுக்கும் அப்பெயரையே இட்டனர். ஆதலால், வெள்ளி கறுக்கக் கண்டால், பெயருக்கே மாறாக ஏதோ நடந்துவிட்டதென நம் மனம் திடுக்கிடுகிறது. அணிந்தவர் உடம்பில் சூடு மிகுந்துவிட்டது என்பார் ஒருவர். வீட்டுக்கு ஆகாத காலம் என்பார் மற்றொருவர். நகை செய்தவன் செம்பைக் கலந்துவிட்டான் என்பார் மூன்றாமவர். இம்மூன்றையும் நான் காதாரக் கேட்டிருக்கிறேன். மூன்றாவதை என் வாயாலேயே சொல்லியும் இருக்கிறேன். அதனால் விளைந்ததை முதலில் கூறிவிட்டு, வெள்ளி நகைகளைக் காக்கும் முறைக்கு வருகிறேன்.

விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையில் உள்ளது எங்கள் கம்மாபுரம். அண்மையில் நெய்வேலி. 1986ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியனாகப் பணியாற்றி வந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எதைக் கேட்டாலும் உடனே விடை சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பு மிகுந்த வயது அது.

எட்டாம் வகுப்பில் படித்த பெண் ஒருத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. தாய்மாமன் சீராக ஒரு சோடி வெள்ளிக் கொலுசு வந்தது. உள்ளூர்ப் பத்தர் ஒருவர், மாமனின் கண்ணெதிரேயே எடை போட்டு, பத்து நாள் உழைத்துச் செய்த கொலுசு அது. விழா முடிந்து மூன்று வாரம் ஆகவில்லை. கொலுசு கரியெனக் கறுத்துவிட்டது. "மட்ட வெள்ளியைச் சீராகக் கொண்டுவந்தார்" என்று தந்தை வீட்டார் மாமனைக் குத்திக்காட்டினர். மாமன் நேரே பத்தரின் பட்டறைக்குப் போய்க் குரலை உயர்த்தினார். வழக்கு, பிள்ளையார் கோயில் திண்ணைக்கு வந்தது. "அறிவியல் படித்த வாத்தியார் இருக்கிறாரே, அவரைக் கேட்போம்" என்று என்னை அழைத்தார்கள்.

கொலுசைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பத்தர் எழுந்து நின்று, "வாத்தியாரய்யா, கொக்கியில் ஒரு வளையத்தை நானே வெட்டித் தருகிறேன். விருத்தாசலத்தில் கொடுத்து உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். நானோ, "சோதனை எதற்கு? கண்ணுக்கே தெரிகிறதே. நல்ல வெள்ளி மூன்று வாரத்தில் இப்படிக் கறுக்காது. செம்பு கூடியிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். பத்தர் கொலுசை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுசொல் சொல்லவில்லை. அடுத்து வந்த மாதங்களில் ஊரார் மெட்டி செய்யவும், குழந்தைக்கு அரைஞாண் செய்யவும் விருத்தாசலம் கடைத்தெருவுக்குப் போகத் தொடங்கினர்.

மூன்று மாதம் சென்றிருக்கும். ஒரு நாள் காலை வழிபாட்டின்போது, முன்வரிசையில் நின்ற சிறுமியரின் கால்களை எதேச்சையாகப் பார்த்தேன். மூன்று பெண்களின் கொலுசுகள் கறுத்திருந்தன. விசாரித்தேன். ஒன்று சேலத்தில் வாங்கியது. ஒன்று சிதம்பரத்தில் வாங்கியது. மற்றொன்று பாட்டியின் காலத்துப் பழைய கொலுசு. மூன்று இடங்களில் மூன்று பேர் செய்த நகைகள் ஒரே மாதத்தில் கறுப்பானேன்? அருகில் சென்றபோது விடை மூக்கில் ஏறியது. அவ்வாண்டு எங்கள் பக்கத்தில் சிரங்கு நோய் பரவியிருந்தது. கழுத்திலிருந்து பாதம் வரை இரவுதோறும் கந்தகக் களிம்பைப் பூசிப் படுக்கவைப்பது அதற்கு மருத்துவம். மூவரும் அக்களிம்பைப் பூசியவர்கள். முதற்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாம் சார், சடங்கு முடிந்த மறுவாரம் எனக்கும் சிரங்கு வந்தது, அம்மா பூசிவிட்டார்கள்" என்றாள்.

எனக்குத் தலை சுழன்றது. திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன அன்று, இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாமா?

மாலையில் பத்தரின் பட்டறைக்குச் சென்றேன். சுத்த வெள்ளிக் கம்பி ஒரு துண்டும், செம்பு கலந்த வெள்ளிக் கம்பி ஒரு துண்டும் வேண்டுமென்று கேட்டேன். எதற்கு என்று கேளாமல் இரண்டையும் நறுக்கிக் கொடுத்தார். இரவு ஒவ்வொரு கம்பியிலும் பாதியளவு கந்தகக் களிம்பைப் பூசி வைத்தேன். விடிந்ததும் துடைத்துப் பார்த்தால், பூசிய பாதி இரண்டிலும் கறுத்திருந்தது. பூசாத பாதி இரண்டிலும் வெளுப்பாகவே இருந்தது. சுத்த வெள்ளியும் கறுத்தது என்பதைக் கவனியுங்கள். கறுப்புக்குக் காரணம் செம்பன்று, கந்தகம் என்பது ஐயமற விளங்கிற்று.

இனி அறிவியலைச் சிறிது பார்ப்போம். வெள்ளிக்குப் பிராணவாயுவோடு சாதாரண வெப்பநிலையில் நாட்டமில்லை. இரும்பைப் போல் அது துருப்பிடிப்பதில்லை. ஆனால் கந்தகத்தைக் கண்டால் விடாது. காற்றில் மிக மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கலந்திருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. சாக்கடையிலும், நீர் தேங்கிய சேற்றிலும், மட்கும் இலைதழைகளிலும் அது பிறக்கிறது. ஈரப்பதமும் பிராணவாயுவும் துணை நிற்க, அவ்வாயுவிலுள்ள கந்தகம் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு என்னும் கறுப்புப் பொருளாகிறது. தொடக்கத்தில் படலம் மிக மெல்லியதாக இருப்பதால் வெளிர் மஞ்சளாகத் தோன்றும். தடிக்கத் தடிக்கப் பழுப்பாகி, ஊதா கலந்து, முடிவில் கறுக்கும். முட்டை, வெங்காயம், பூண்டு, கம்பளி, ரப்பர், நம் வியர்வை ஆகிய இவற்றிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. வீட்டில் வெள்ளிக் கரண்டியால் முட்டை உண்டவர் அதன் நிறம் மாறுவதைக் கண்டிருப்பர்.

எங்கள் பகுதியில் வெள்ளி கறுத்தால் நெய்வேலிப் புகைமீது பழியைப் போடுவாரும் உண்டு. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியது. அங்கே 1962இல் அனல்மின் உற்பத்தி தொடங்கியது. பழுப்பு நிலக்கரியில் கந்தகம் சிறிதளவு உண்டு என்பது மெய்யே. ஆயினும் எரியும்போது அதில் பெரும்பகுதி கந்தக டைஆக்சைடாக மாறுகிறது. வெள்ளியைக் கறுக்கச் செய்வதில் முதன்மையானது அதுவன்று, ஹைட்ரஜன் சல்பைடும் அதன் இனத்தவையுமே. ஆகவே தொலைவிலுள்ள புகைபோக்கியைப் பார்க்குமுன், நகைப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நலம். பத்தர் செய்தியில் நான் தவறியது போல், எளிதில் கண்ணுக்குத் தெரிவதையே காரணமாகக் கொள்ளும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

அப்படியானால் செம்பு கலப்பது மோசடி அன்றோ என்று கேட்பீர்கள். அளவைச் சொல்லிக் கலந்தால் மோசடி அன்று. சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது, அதனால் செய்த கொலுசு நடக்க நடக்க நெளியும், கொக்கி நிற்காது. எனவே உறுதிக்காகச் செம்பு சேர்ப்பது உலகெங்கும் வழக்கம். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும், எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்புமாக அமைவதை ஸ்டெர்லிங் வெள்ளி என்கிறோம். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே, முதலாம் எட்வர்டு மன்னன் காலத்துச் சட்டம், வெள்ளிப் பொருள்கள் இத்தரத்துக்குக் குறையலாகாது என்று விதித்தது. நம் நாட்டில் இந்தியத் தர அமைவனம் பொன் நகைகளுக்கு 2000ஆம் ஆண்டிலும், வெள்ளிக்கு 2005ஆம் ஆண்டிலும் ஹால்மார்க் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. வெள்ளியின் தரத்தை அறிய வேண்டுமானால் முத்திரையைப் பாருங்கள். ஐயமிருந்தால் சோதனைக்குக் கொடுங்கள். நிறத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். செம்பு கலந்த வெள்ளி சற்று விரைந்து கறுக்கும் என்பது உண்மை. சுத்த வெள்ளி கறுக்கவே கறுக்காது என்பது பொய்.

இனிக் கறுத்ததை எவ்வாறு தூய்மை செய்வது? இங்கே ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். வெள்ளி சல்பைடின் எடையில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளியே. கந்தகம் 13 பங்குதான். ஆகவே கறுப்பைத் தேய்த்து எறியும்போது, அழுக்கை எறிவதாக நாம் நினைக்கிறோம். எறிவதோ பெரும்பாலும் வெள்ளியை. ஆண்டுதோறும் பற்பொடியும் சாம்பலும் இட்டு அழுத்தித் தேய்த்த பழைய குங்குமச்சிமிழ்களில் பூவேலைப்பாடு மழுங்கிப் போயிருப்பதைப் பாருங்கள். பற்பொடியிலுள்ள பரல்கள் கீறலும் விழச்செய்யும். நன்கு சலித்த திருநீறு அதனினும் மென்மையானது. ஆனாலும் அதுவும் தேய்ப்பதே. செம்புக் குடத்தைப் பளிச்சிடச் செய்யும் புளி, வெள்ளியின் கறுப்பிடம் அவ்வளவாகச் செல்லாது. ஏனெனில் புளியிலுள்ள அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கும். வெள்ளி சல்பைடைக் கரைக்க அதற்கு வலிமையில்லை.

தேய்க்காமல் வெளுக்கும் வழி ஒன்று உண்டு. கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் நகை படும்படி வையுங்கள். ஆப்ப சோடா ஒரு மேசைக்கரண்டியும் சிறிது உப்பும் இட்டு, நகை மூழ்குமளவு நன்கு கொதித்த நீரைப் பெரியவர் துணையோடு ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு மறையும். முட்டை நாற்றமும் இலேசாக வரும். அலுமினியம் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம். அவ்வெலக்ட்ரான்களைப் பெற்று வெள்ளி சல்பைடு மீண்டும் வெள்ளியாகிறது. கந்தகம் பிரிந்து போகிறது. தேய்த்தலில் இழக்கும் வெள்ளியை இம்முறையில் பெரும்பாலும் நகையிலேயே திரும்ப வைக்கிறோம். பிறகு நல்ல நீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்த வேண்டும்.

உலோகத்துக்கு எலக்ட்ரானைத் திருப்பித் தரும் இதே தத்துவத்தைப் பெரிய பணிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டில் ஒரு ரசாயனப் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. அங்கே பணியாற்றிய ரசாயன அறிஞர் பரமசிவன் அவர்கள், மின்னோட்டத்தின் உதவியால் பழைய செப்புத் திருமேனிகளைப் பற்றிய துருவை நீக்கிக் காத்தார். உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் நடப்பது அதன் சிறிய உறவு.

ஆனால் எல்லா நகைக்கும் இம்முறை ஆகாது. முத்தும் பவளமும் கல்லும் பதித்தவை, உள்ளே அரக்கு நிரப்பியவை, மீனா வண்ணம் தீட்டியவை ஆகியவற்றை வெந்நீரில் இடக்கூடாது. வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காகப் பள்ளங்களைச் செய்தவரே கறுப்பாக்கிய நகையும் உண்டு. அதை வெளுத்தால் அழகு கெடும். இத்தகையவற்றைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைப்பதே போதும். பட்டறைகளிலும் மெருகிடப் பூந்திக்கொட்டை நுரையையே நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர்.

வருமுன் காப்பது இவை எல்லாவற்றிலும் மேல். அதற்குச் செலவு சிறிது, கவனமே பெரிது.

முதலாவது, வெள்ளியை அணியுங்கள். நாள்தோறும் அணியும் கொலுசு தோலிலும் துணியிலும் உராய்ந்து தானே மெருகேறிக்கொண்டிருக்கும். பெட்டியில் பூட்டி வைத்ததே பெரும்பாலும் கறுக்கும்.

இரண்டாவது, குளிக்கும்போதும், களிம்போ நறுமணத் தைலமோ பூசும்போதும் கழற்றி வையுங்கள். கந்தகச் சோப்பும் கந்தகக் களிம்பும் வெள்ளிக்குப் பகை என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சலவைத்தூள் கரைத்த நீரும் ஆகாது; அதிலுள்ள குளோரின் வெள்ளியைத் தாக்கும்.

மூன்றாவது, கழற்றியதும் வியர்வை போக மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, உலர்ந்த பின்னரே பெட்டியில் இடுங்கள்.

நான்காவது, காற்றையும் ஈரத்தையும் விலக்குங்கள். ஒவ்வொரு நகையையும் தனித்தனியே பாலித்தீன் பையிலிட்டுக் காற்றை வெளியேற்றி வாயை மூடுங்கள். நாங்கள் ஆசிரியர்கள் சாக்குக்கட்டியோடு வாழ்ந்தவர்கள். ஒரு துண்டு சாக்குக்கட்டியைப் பெட்டியில் இட்டால் ஈரத்தை ஓரளவு உறிஞ்சும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இன்னும் நன்று.

ஐந்தாவது, கொலுசுகளை ரப்பர் வளையத்தால் கட்டாதீர்கள். கம்பளித் துணியில் சுற்றாதீர்கள். ரப்பரை உறுதிப்படுத்தச் சேர்ப்பது கந்தகமே. வளையம் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருப்பதை வீட்டில் பார்க்கலாம்.

ஒரு சிறு சோதனையும் சொல்கிறேன். ஒரு மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில், வேகவைத்து நறுக்கிய முட்டையை ஒரு சிறு கிண்ணத்தில் வையுங்கள். அதைத் தொடாதவாறு பழைய மெட்டி ஒன்றை நூலில் தொங்கவிட்டு மூடுங்கள். இன்னொரு புட்டியில் முட்டையில்லாமல் மற்றொரு மெட்டியைத் தொங்கவிடுங்கள். மறுநாள் இரண்டையும் ஒப்பிட்டு ஏட்டில் எழுதுங்கள். முட்டையில்லாத இரண்டாவது புட்டி எதற்கு என்று கேட்பவனே நல்ல மாணவன். அது இல்லையேல் காரணம் முட்டைதான் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. திண்ணையில் நான் அமர்ந்த நாளில் என்னிடம் இல்லாதது அந்த இரண்டாவது புட்டியே.

பத்தரின் கதையை முடிக்காமல் விடலாகாது. கம்பிகளைக் கண்ட அன்றே, ஊர்ப் பெரியவர்களையும் அத்தாய்மாமனையும் அதே பிள்ளையார் கோயில் திண்ணைக்கு வரச்செய்தேன். கம்பிகளைக் கையில் கொடுத்தேன். "குற்றம் பத்தருடையது அன்று, ஆராயாமல் பேசிய என்னுடையது" என்று எல்லோர் முன்னும் சொன்னேன். பத்தர் மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே அதே கொலுசு, வெளுத்து மின்னியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தும், மூன்று மாதமும் அவர் அதை உருக்கவில்லை, யாருக்கும் விற்கவுமில்லை. மாமன் பணத்தை எண்ணி வைத்துக் கொலுசை வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் கலைந்த பின் நான் மன்னிப்புக் கேட்டேன். பத்தர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாத்தியாரய்யா, உங்கள் சொல்லுக்கு இந்த ஊரில் எடை அதிகம். நாங்கள் எடை போடுமுன் தராசு நேராக நிற்கிறதா என்று பார்ப்போம். நீங்களும் பார்த்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஊரார் சிலர் அவரிடம் திரும்பி வந்தனர். சிலர் கடைத்தெருப் பழக்கத்தை விடவில்லை. கொலுசின் கறுப்பைப் போக்க ஓர் இரவு போதுமாயிருந்தது. என் சொல்லால் படிந்ததை முற்றும் போக்க என்னால் இயலவில்லை. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றினேன்; தலைமையாசிரியனாக அமர்ந்து மாணவர் வழக்குகள் பலவற்றைக் கேட்டேன். சோதித்துப் பாருங்கள் என்று எவரேனும் கேட்டபோதெல்லாம் மறுத்ததே இல்லை.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது நீங்கள் அறிந்த பழமொழி. அதனோடு, கறுப்பதெல்லாம் கலப்படமல்ல என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இன்று வீட்டுக்குச் சென்றதும் அம்மாவின் நகைப்பெட்டியை அவர் இசைவோடு திறந்து, ரப்பர் வளையம் ஏதேனும் இருந்தால் முதலில் அதைக் கழற்றி எறியுங்கள்.